மாத்திரைக்குக் களா

வெங்காய மூட்டை சரிந்து ஜெகபர் அலியின் நெஞ்சில் விழுந்த அன்று அவர் நோன்பு வைத்திருந்தார். நோன்பில்லாத நாளாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கொஞ்ச நாள் முனகிக்கொண்டு படுத்திருந்துவிட்டு, மூட்டை அடுக்கியவனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே மறுபடி மண்டிக்குப் போய்த் தராசைப் பிடித்திருப்பார். ஆனால் விழுந்தது ரமலானில். அதுவும் 1959ஆம் வருஷம், பங்குனி வெயிலில் வந்த ரமலான். மலைக்கோட்டைக்குக் கீழே சந்துகளில் பொழுது சாய்ந்த பிறகும் சூடு இறங்காது. அந்த வெயிலில், தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், நாள் முழுக்க நின்று எடை போட்ட மனுஷன் அவர். அப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரர்.

தள்ளுவண்டியில் கிடத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். விஷயம் தெரிந்து, துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு மஜீதா ஓடினாள். இருபத்தைந்து வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள். ஒரே மகளைத் தொட்டியத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, புருஷனும் மாமியாருமாக மூன்று பேர் வீட்டில் இருந்தாள். கேஷுவாலிட்டி வாசலில் போய் நின்றபோது அவளுக்கு முதலில் கேட்டது அவருடைய குரல்தான்.

"ஊசி போடுங்க, வேணாங்கல. ஊசி போட்டா நோன்பு முறியாதுன்னு எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருக்காரு," என்று பக்கத்தில் நின்ற வார்டு பையனிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் சடகோபன் சின்ன வயசு. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. ஒரு பெஞ்சில் கை முறிந்த ஆள், இன்னொன்றில் பாம்பு கடித்த பெண், தரையில் பாய் போட்டு வேறு நாலு பேர். ஜெகபர் அலியின் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார். அவர் அலறாமல் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"விலா எலும்பு ரெண்டு முறிஞ்சிருக்கு. இரைப்பு, ஆஸ்த்மா ஏதாவது உண்டா உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க."

மஜீதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒண்ணும் இல்லையா! வெங்காயத் தூசியும் மிளகாய்த் தூசியும் வருஷக்கணக்காக உள்ளே போய், மார்கழி வந்தால் விசில் ஊதுகிற நெஞ்சு அது. அவள் வாயைத் திறந்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். இரைப்பு என்று சொன்னால் இங்கேயே படுக்கப் போடுவார்கள், படுக்கப் போட்டால் கஞ்சி குடி, பால் குடி என்பார்கள், நோன்பு போய்விடும். பத்து வயசிலிருந்து ஒரு நோன்பு விடாத மனுஷன். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் ஊசி போட்டார். நெஞ்சைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டினார். "வார்டுல இடமில்ல, வராண்டாவுலயும் பாய் போட்டிருக்கு. வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. வலிக்கு நல்ல மாத்திரையா எழுதியிருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே பாம்புக்கடிக்காரியிடம் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அத்தனை பேருக்கும் ஒரு டாக்டர்.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் கம்பவுண்டர் பிலோமின்ராஜ் பொட்டலத்தை நீட்டினார். இருமல் தண்ணீருக்கும் பூச்சி மருந்துக்கும் அவர் சொல்கிற பாட்டு ஒன்றுதான். "காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, படுக்கறப்ப ஒண்ணு. ஒரு வேளை விடக்கூடாது, தெரியுதா? அடுத்த ஆள் வாங்க!"

அடுத்த ஆள் வந்துவிட்டார். மஜீதா பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நகர்ந்தாள்.

அன்று இரவு அந்த மாத்திரை செய்த வேலையைப் பார்த்து வீடே அசந்துவிட்டது. நோன்பு திறந்ததும் ஒன்று, படுக்கும்போது ஒன்று. மூச்சு விட்டால் குத்துகிறது என்று அழாத குறையாக வந்த மனுஷன் கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்து சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டார். "மாமி, இது மாத்திரையா மந்திரமா?" என்று மஜீதா வியந்தாள். மாமியார் ஆரிஃபா, "அல்லா இந்த ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு ஹயாத்தை நீட்டிக் குடுக்கணும்," என்று இரண்டு கையையும் ஏந்தித் துஆ செய்தாள். விடியுமுன் சஹர் சாப்பாட்டின்போது இன்னொன்று போட்டுக்கொண்டு நோன்பைப் பிடித்துவிட்டார்.

பகல்தான் பாடாகப் படுத்தியது. நோன்பில் மாத்திரை விழுங்க முடியாது. பதினோரு மணிக்கே ஊசியும் மாத்திரையும் விட்டுப்போய், ஒவ்வொரு இருமலுக்கும் உயிர் போய்ப் போய் வந்தது. இரைப்பு வேறு சேர்ந்துகொண்டது. மஜீதாவால் பார்க்க முடியவில்லை.

"நோயாளிக்கு நோன்பு கடமையில்லன்னு குர்ஆன்லயே இருக்குன்னு சொல்வீங்களே. விட்டுடுங்க. அப்புறம் களா பண்ணிக்கலாம்," என்று கெஞ்சினாள். விட்டுப்போன நோன்பையும் தொழுகையையும் பிறகு ஒரு நாள் கணக்காக நிறைவேற்றுவதற்குத்தான் களா என்று பேர்.

"நோன்பை விட்டுட்டு மாத்திரைய முழுங்கறதா? மாத்திரைய விட்டுட்டு நோன்பை முடிக்கிறேன். அப்புறம் மாத்திரைக்குக் களா பண்ணிக்கிறேன்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் விலா குத்தி முகம் கோணிப்போனது. வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பேசப்பேச அதுவே நியாயமாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது, அவருக்கும் சரி, அவளுக்கும் சரி. ஒரு வேளை விடக்கூடாது என்று கம்பவுண்டர் சொல்லியிருக்கிறார். விட்டால் என்ன செய்வது? எதை விட்டாலும் திருப்பிச் செலுத்தித்தானே வளர்ந்தார்கள்? மத்தியான லுஹர் தொழுகை தவறினால் பிறகு தொழுவதில்லையா? தவறியது அந்தரத்திலா நிற்கும்? மருந்தும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சந்தில் யாரைக் கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தார். கை நீட்டினார். "மத்தியானத்துது ஒண்ணு, இப்பத்துது ஒண்ணு. ராத்திரிக்கு உள்ளதையும் இப்பவே குடுத்துடு மஜீதா. கடைசிப் பத்துல ஒத்தப்படை ராத்திரி, விசேஷமான ராத்திரி. தராவீஹ் தொழுகையை உட்கார்ந்தாச்சும் தொழணும். நடுவுல வலி வந்தா மனசு நிக்காது."

மூன்று மாத்திரையையும் உள்ளங்கையில் எண்ணி வைத்தவள் மஜீதா. நோன்புக் கஞ்சி டம்ளரைத் தூக்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

தொழுதார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தொழுதார். முடியும்போதே நாக்கு குழறியது. படுக்க வைத்ததும் குறட்டை ஆரம்பித்தது. ஆழமான குறட்டை, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஒரு கொரகொரப்பு. நடுவில் நின்று நின்று வந்தது. பாவம், இரண்டு நாள் வலிக்கு இப்போதுதான் கண்ணை மூடியிருக்கிறார் என்று மஜீதா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மாமியார் எட்டிப்பார்க்கப் போனபோது, "எழுப்பாதீங்க மாமி, நல்லாத் தூங்கட்டும்," என்றும் சொன்னாள்.

சஹருக்கு எழுப்ப வரும் பக்கிரி தாயிராப் பறையைத் தட்டிக்கொண்டு சந்தில் போனபோது அவள் கதவைத் திறந்தாள். குறட்டை இல்லை. கை சில்லிட்டிருந்தது.

அந்த மவுத்தைப் பற்றி ஊர் பேசிய பேச்சு இருக்கிறதே! ரமலான் மாசம், ஒற்றைப்படை இரவு, நோன்பு திறந்து, தராவீஹ் தொழுது, தூக்கத்திலேயே போனவர். குளிப்பாட்டியவர்கள் முகத்தில் சிரிப்பு இருந்தது என்றார்கள். பள்ளிவாசலில் நிற்க இடமில்லை. "கொடுத்து வச்ச மவுத்து. கபுர்க் குழிக்குள்ள கேள்வி கணக்கு கிடையாது," என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆரிஃபாவுக்கு எழுபது வயசு. பெற்ற பிள்ளையை மண்ணில் வைத்த தாய். அந்தச் சொல்லை அவள் ஊன்றுகோல் மாதிரி பிடித்துக்கொண்டாள். யார் வந்தாலும் முதலிலிருந்து சொன்னாள்: எத்தனை ரக்அத் தொழுதான், எப்படிச் சிரித்தான், எப்படித் தூங்கினான். சொல்லி முடிக்கும்போது அவள் முகம் தெளிந்துவிடும். மஜீதா வெள்ளைச் சேலை கட்டி உள்ளறையில் இத்தாவில் உட்கார்ந்திருந்தாள். நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. மாமியார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனசு ஆறத்தான் செய்தது.

பக்கத்து வீடு நசீராவுடையது. ஜெகபர் அலியின் தங்கை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அண்ணனை அடக்கிய மறுநாளே அவளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிக்கொண்டது. கிராம்புத் தைலம் தடவினாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பல்வலியையும் அதில் சேர்க்க வேண்டும். நாலாம் நாள் சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து மஜீதாவின் மடியில் தலையை வைத்துவிட்டாள்.

"முடியல மச்சி. அண்ணனோட துக்கத்துக்கு அழுறேனா, பல்லுக்கு அழுறேனான்னு எனக்கே தெரியல." அண்ணன் மனைவியை மச்சி என்பது அவர்கள் வழக்கம்.

"அண்ணனுக்குக் குடுத்த மாத்திரை மிச்சம் இருக்குடி. கேட்டிருக்கக் கூடாதா?" என்று மஜீதா எழுந்து மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். நல்ல மருந்தை யார் தூர எறிவார்கள்? அதுவும் அவர் கடைசியாகச் சாப்பிட்டது.

ஆரிஃபா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மகள் கையில் கொடுத்தாள். "பரக்கத்தான மாத்திரை. என் புள்ள இதைப் போட்டுக்கிட்டுத்தான் வலியில்லாம தொழுதான்."

"எப்படி மச்சி சாப்பிடணும்?"

"நாலு வேளை. பகல்ல விட்டதை நோன்பு தொறந்ததும் சேர்த்துப் போட்டுக்கணும். அண்ணன் மூணு போட்டுக்கிட்டாரு. ஒரு வேளை விடக்கூடாதுன்னு சொன்னாங்க."

மஜீதா வாயால் சொன்ன வார்த்தை அது. ஒரு கடுகளவும் சந்தேகமில்லாமல், தனக்குப் பெரிய ஆஸ்பத்திரி சொல்லிக்கொடுத்த வைத்தியமாக நினைத்துத்தான் சொன்னாள்.

நோன்பு திறந்ததும் நசீரா தன் வீட்டில் மூன்று மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். மக்ரிப் தொழுகை முடிந்தது. நசீராவின் புருஷன் ஜமால் பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். மாமியாரும் மருமகளும் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆரிஃபா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே வழக்கம்போல மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

கொரகொரவென்று ஒரு குறட்டை. நின்றது. மஜீதா காத்திருந்தாள். வெகு நேரம் கழித்து மறுபடி வந்தது.

இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷம் அவர் பக்கத்தில் படுத்தவள். அவருடைய குறட்டை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அன்று ராத்திரி கேட்டது அவருடைய குறட்டை இல்லை. அவர் ஒரு நாளும் அப்படிக் குறட்டை விட்டதில்லை. இப்போது அதே சத்தம், ஒரு பொம்பிளையின் தொண்டையிலிருந்து, அதே மாத்திரைக்குப் பிறகு வருகிறது.

எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை அவள். இதைச் சொல்லத்தான் கதை சொல்லும் எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நசீராவுக்கு மாத்திரைதான் வினை என்றால் அவருக்கும் மாத்திரைதான் வினை. மூன்றையும் எண்ணிக் கொடுத்த கை இந்தக் கை. எழுந்துபோய் நசீராவை எழுப்பினால், அவரைக் கொன்றது நான் என்று ஊருக்குச் சொன்னது மாதிரி. இல்லை, பல்வலி அடங்கித் தூங்குகிறாள், அவ்வளவுதான். அவள் அதை மனசுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். குறட்டை மறுபடி நின்றது.

"மாமி," என்றாள். "நசீராவைக் கொஞ்சம் பார்த்துட்டு வாங்க."

ஆரிஃபா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். நிதானமாகத் திரும்பி வந்தாள். முகத்தில் நிம்மதி.

"நல்லாத் தூங்குறா. நாலு நாளாத் தூங்காத புள்ள. எழுப்பாதே மஜீதா, தூங்கட்டும்."

அன்றைக்குத் தான் சொன்ன அதே வார்த்தை! மஜீதா எழுந்தாள். கதவுப் பக்கம் போனவளை ஆரிஃபா எட்டிப் பிடித்தாள்.

"எங்கடி போறே? இத்தாவுல இருக்கே! சந்துல ஆம்பிளைங்க நிக்கிறாங்க!"

"விடுங்க மாமி!"

முக்காடு நழுவியது தெரியாமல் அவள் வாசல் தாண்டினாள். இரவு இஷாத் தொழுகைக்குப் போகிறவர்கள் சந்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலையில் ஒருத்தி ஓடி வருவதைப் பார்த்து, சொல்லி வைத்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மரியாதைக்குத்தான் திருப்பினார்கள். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை.

நசீரா பாயில் மல்லாந்து கிடந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம். மஜீதா கன்னத்தில் ஓங்கி அறைந்தாள், வீங்கிய கன்னத்திலேயே அறைந்தாள். வலியில் துள்ள வேண்டியவள் அசையவில்லை. குடத்துத் தண்ணீரை முகத்தில் கவிழ்த்தாள். தொண்டை ஒரு தடவை கொரகொரத்து அடங்கியது. மஜீதா வாசலுக்கு வந்து, முகம் திருப்பி நின்ற அத்தனை ஆண்களையும் பார்த்துக் கத்தினாள்.

"திரும்பிப் பாருங்கய்யா! நசீரா சாகுறா! ஜட்கா பிடிங்க, யாராச்சும் ஜமாலைக் கூட்டியாங்க! அந்த மாத்திரைதான்… அவுங்களுக்குக் குடுத்த அதே மாத்திரை!"

ஜட்காவில் ஜமால் முன்னால் உட்கார்ந்து குதிரையை விரட்டச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தான். பின்னால் நசீராவைச் சாத்தி வைத்துக்கொண்டு மஜீதா கிள்ளினாள், உலுக்கினாள், மயிரைப் பிடித்து இழுத்தாள். மூச்சு நின்றால் அறைந்தாள், வந்தால் "யா அல்லாஹ்" என்றாள். எதிரே ஆரிஃபா ஒன்றும் புரியாமல், "என் புள்ளைய ஏண்டி அடிக்கிறே, என் புள்ளைய ஏண்டி அடிக்கிறே," என்று அழுதுகொண்டே வந்தாள்.

கேஷுவாலிட்டியில் அன்றும் டாக்டர் சடகோபன்தான். நசீராவின் கண்ணிமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தவர், "என்ன சாப்பிட்டாங்க?" என்று கத்தினார். மஜீதா பொட்டலத்தை நீட்டினாள். அவர் முகம் மாறியது. ஊசி போட்டார், இன்னொன்று போட்டார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, மடக்கி, நெஞ்சோடு அமுக்கி, மறுபடி தூக்கி மூச்சு வரவழைத்தார். கை ஓய்ந்ததும் வார்டு பையன் மாற்றிக்கொண்டான். கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெளியே பெஞ்சில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஜமால் உட்காரவே இல்லை, வராண்டாவில் முனைக்கு முனை நடந்தான். உள்ளே யாரோ வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு நசீராவின் குரல், தெளிவில்லாமல், யாரையோ திட்டுகிற மாதிரி. ஜமால் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

டாக்டர் வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "பொழைச்சுட்டாங்க. விடியற வரைக்கும் தூங்க விடக் கூடாது. பேசிட்டே இருக்கணும், நடக்க வைக்கணும்." ஜமால் உள்ளே ஓடினான். டாக்டர் போகாமல் மஜீதாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த மாத்திரை நான் எழுதினதுதான். விலா முறிஞ்சு வந்தவர்… நீங்க கூட நின்னுட்டிருந்தீங்க. அவர் எப்படி இருக்கார்?"

கேட்ட பிறகுதான் அவர் கண் வெள்ளைச் சேலையில் பட்டது.

மஜீதா எல்லாவற்றையும் சொன்னாள். நோன்பைச் சொன்னாள், இரைப்பை மறைத்ததைச் சொன்னாள், களாவை விளக்கிச் சொன்னாள், மூன்று மாத்திரையைச் சொன்னாள். அழவில்லை. மளிகைப் பட்டியல் ஒப்பிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். "விடக்கூடாதுன்னு சொன்னாங்க. சேர்த்துச் சாப்பிடக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்க."

"இது அபின் சேர்ந்த மாத்திரைம்மா. சேர்த்துச் சாப்பிட்டா மூச்சையே தூங்க வச்சிடும். இரைப்பு இருக்கிறவாளுக்கு ஒண்ணு குடுக்கறதுக்கே யோசிக்கணும்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எங்க அம்மா ஏகாதசி அன்னிக்கு மருந்தைத் தொடமாட்டா. மறுநாள் ரெண்டு வேளையா முழுங்கிட்டு, சரியாப் போச்சும்பா. எனக்குத் தெரியாததில்ல. ரமலான் மாசம்னு தெரிஞ்சும் கேக்கணும்னு தோணல. கேட்டிருக்கணும்."

அவரைத் தேற்ற வேண்டும் என்று மஜீதாவுக்குத் தோன்றவில்லை. அவரும் மனுஷன்தான், அவர் அம்மா அப்படி விழுங்கியும் உயிரோடு இருக்கிறாள், அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது.

இத்தனை நேரமும் ஆரிஃபா பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். காது கொஞ்சம் மந்தம், எதுவும் கேட்டிருக்காது என்று மஜீதா நினைத்திருந்தாள். கிழவி டாக்டரைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"என் மக எப்படி முழிச்சா?"

"நேரத்துக்குக் கொண்டு வந்துட்டாங்கம்மா. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம். உங்க மருமக அடிச்சு உலுக்கிட்டே வந்தாங்க இல்லையா, அதுதான் காப்பாத்திச்சு."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆரிஃபா அதை மெல்ல மெல்ல யோசிப்பது தெரிந்தது. தஸ்பீஹ் மணி ஒரே இடத்தில் நின்றது. பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"மஜீதா. அன்னிக்கு அவனையும் யாராச்சும் அடிச்சு எழுப்பியிருந்தா?"

டாக்டர் தரையைப் பார்த்தார். நசீபு, விதி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் ஹயாத்து அவ்வளவுதான் மாமி என்றால் போதும். அந்தக் கிழவி அதை வாங்கிக்கொண்டு மிச்ச நாளையும் ஓட்டிவிடுவாள். ரமலான், ஒற்றைப்படை இரவு, தொழுகை, சிரித்த முகம் எல்லாம் அவளிடமே இருந்துவிடும். மஜீதாவுக்கு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மாமியார் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே நசீரா உயிரோடு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திருச்சிருப்பாங்க மாமி," என்றாள். "நீங்க எட்டிப்பார்க்கப் போனீங்க. நான்தான் எழுப்ப வேணாம்னேன்."

ஆரிஃபா தஸ்பீஹ் மணியை மடியில் வைத்தாள். திட்டவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை.

"பொய் சொல்லியிருக்கலாமேடி," என்றாள் கடைசியில். "எனக்கு அது ஒண்ணுதானே இருந்துச்சு."

மஜீதா ஆமாம் என்று தலையை அசைத்தாள். உள்ளேயிருந்து ஜமால், நசீராவை நடக்க வைக்க ஒரு கை பிடிக்க வரும்படி கூப்பிட்டான். அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.